கடைசிச் சொல் வரவில்லை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குர்லாவில் வண்டி மாறுவதற்குள் சுடிதார் கால் முழுக்கச் சேறு. செம்பூர் ஆபீசில் ஏசி. ஈரத்தோடு உட்கார்ந்து தலைவலி.

வேலை அதேதான். இந்த அறையில் நான் போனில் பேச வேண்டும். அந்த அறையில் புரோகிராம் எழுதும் வித்யா அக்கா கேட்பார். பிறகு மாறி. வாக்கி டாக்கி போல ஒரு ஆப். பொத்தானை அழுத்திப் பேசி, விட வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில், கீழே நிற்பவர் மேலே கிரேன்காரரிடம் பேசுவதற்கு. குரல் ஒரு சர்வர் வழியாகப் போகிறது. அங்கேதான் தாமதம். கீழிருந்து “ருக்கோ”, அதாவது நிறுத்து, என்றால், அது மேலே போய்ச் சேருவதற்குள் கம்பிக்கட்டு இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும். ஆள் தலைக்கு மேலே.

அக்காவிடம் ஏன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார். சர்வருக்குள் இருப்பது நிஜமான நெட்வொர்க் கார்டு இல்லையாம். கார்டு போல நடிக்கும் புரோகிராம். அதை ஓட்டும் டிரைவரும் புரோகிராம்தான். குரல் துண்டு துண்டாகப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் மணி அடித்து எழுப்பினால் சர்வர் திணறும். அதனால் டிரைவர், கொஞ்சம் சேரட்டும் என்று பிடித்து வைக்கிறது. ஸ்டேஷன் வாசல் ஷேர் ஆட்டோ மாதிரி.

சனிக்கிழமை கட்டட கம்பெனிக்காரர் நேரில் வந்து பார்ப்பார். சரியாக இல்லாவிட்டால் வேலை கை மாறும்.

வாங்க வேண்டியது: தலைவலித் தைலம், அம்மாவுக்கு ஊசி நூல், ரீசார்ஜ்.

ஜூலை 9, புதன்

அக்கா டிரைவரை மாற்றிவிட்டார். இனி நேரம் பார்த்துக் காத்திருக்காது. பின்னால் இன்னொரு துண்டு வருகிறதா என்று மட்டும் பார்க்கும். வந்தால் சேர்த்து ஒரே மணி. வராவிட்டால் உடனே மணி.

அக்கா பேசினார். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ விலை, மாமியாரின் முழங்கால், பக்கத்து வீட்டு நாய். மூச்சு விடவில்லை. எல்லாம் உடனுக்குடன் வந்தது. “பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கோல்லியோ?” என்று அங்கிருந்தே கத்தினார். கண் இரண்டும் சிவப்பு. பல நாளாகத் தூக்கமில்லை.

என் முறை. “ஹலோ. டெஸ்டிங்.” பொத்தானை விட்டுவிட்டேன்.

“என்னடி முழுங்கற? வாயத் தொறந்து பேசேன்.”

முழுங்கவில்லை. முழுதாகத்தான் சொன்னேன்.

ஆபீஸ் முதலாளி சார் அக்காவிடம் இந்தியில், இந்தப் பெண் வாயே திறப்பதில்லை, டெஸ்டிங்குக்கு வேறு ஆள் பார் என்றார். எனக்கு இந்தி தெரியாது என்று நினைப்பு. தாராவியில் பிறந்தவளுக்கு.

ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். நேற்று காய்ச்சல், எழுதவில்லை.

மதியம் அக்கா மேஜையில் தலை வைத்துத் தூங்கிப்போனார். இரண்டு போனையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கூட்டம் இருப்பதுபோல் காட்ட அக்கா விட்ட பொய் அழைப்புகள் சர்வரில் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் “ருக்கோ” என்று சொல்லிப் பொத்தானை விட்டேன். மற்றதில் “ரு” என்று வந்தது. அவ்வளவுதான். காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி அழுத்தி வேறு ஏதோ சொன்னேன். அப்போதுதான் முதலில் “க்கோ” வந்தது.

பொய் அழைப்புகளை நிறுத்திவிட்டுச் செய்தால் சரியாக வருகிறது. கூட்டம் இருந்தால் மட்டும் மாட்டுகிறது. அக்கா பேசும்போது தெரியாது. அவருடைய அடுத்த பேச்சு, முன்னால் மாட்டியதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கிரேனுக்குக் கீழே நிற்பவர் ஒரே சொல்தான் சொல்வார்.

அக்கா எழுந்ததும் சொல்ல நினைத்தேன். எழுந்ததும் போனில் கம்பெனிக்காரரிடம், எல்லாம் முடிந்தது, நாளை வாருங்கள் என்றார். சிரித்தார். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

சொல்லவில்லை.

வீட்டில் அம்மா: “ஏளா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? ஆரும் ஏசினாகளா?” இல்லை என்றேன்.

ஜூலை 12, சனி

கம்பெனிக்காரர் வந்தார். வெயிலில் கறுத்த ஆள், நகத்தில் சிமெண்ட். சர்வரில் பொய் அழைப்புகளை ஓடவிட்டு, முதலில் அக்கா பேசினார். கம்பெனிக்காரர் கையிலிருந்த போனில் நன்றாகக் கேட்டது. தலையாட்டினார். சார் டீ சொன்னார்.

சார் என்னைப் பார்த்து, நீயும் ஏதாவது பேசு, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணு போதும் என்றார்.

அழுத்தினேன். “ருக்கோ.” விட்டேன்.

“ரு.”

சார் மேலே பேசு என்றார். அக்கா கையால் சைகை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். காது சுட்டது. அந்த ஆள் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி எப்போது வரும் என்று இந்தியில் கேட்டார். கட்டு தரையில் விழுந்த பிறகா?

டீயைக் குடிக்காமலே எழுந்தார். புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். சார் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா உட்கார்ந்து தேடினார். நான் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் கிடைத்தது. பின்னால் துண்டு வருகிறது என்று நம்பி மணி அடிக்காமல் விடுகிறது. அதற்குள் வரிசை நிரம்பிவிடுகிறது. பின்னால் வருவதற்கு இடமில்லை. முன்னால் இருப்பதும் அப்படியே கிடக்கிறது.

“எப்போ தெரிஞ்சுது நோக்கு?”

“நேத்து, அக்கா.”

என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நேத்தே சொல்லியிருந்தா நான் அந்த மனுஷனை வரச் சொல்லியிருக்க மாட்டேனேடி.”

திட்டியிருக்கலாம். திங்கள் வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மழை. குழாயில் தண்ணீர் லேட். துணி காயவில்லை. பக்கத்து வீட்டு டிவி நம் வீட்டில் ஓடுவதுபோல்.

நாளைக்கு வேலை உண்டா என்று அம்மா. உண்டு என்றேன்.

மதியம் அக்கா போன். அதிகம் பேசவில்லை. வரிசை நிரம்பினாலும் உடனே மணி அடிக்கும்படி டிரைவரை மாற்றிவிட்டாராம். பொய் அழைப்புக் கூட்டமும் ஓடுகிறதாம். வீட்டிலிருந்தே ஒரு தடவை சொல்லச் சொன்னார். ஒரே சொல், அப்புறம் சும்மா இரு என்றார்.

டிவி சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. “ருக்கோ!”

அம்மா திரும்பினாள். “ஆரளா நிக்கச் சொல்லுத?”

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வந்துடுத்து,” என்றார் அக்கா. “முழுசா. இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. தொண்டை கட்டிவிட்டது.