சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

இரும்புலியூர்
12.2.2025

மோகன்ராஜுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் இதை உங்கள் அசிஸ்டென்ட் ஆல்வினிடம் கொடுத்து உங்கள் எடிட்டிங் ரூமுக்கு அனுப்புகிறேன்.

இட்லித் தட்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஒருவன் ஊரையே வெட்டுகிறான் என்று படம் எடுத்தீர்கள். பொறுத்தேன். ரோஸ்மில்க் எசன்ஸை ரத்தமாக ஊற்றி, பிணங்கள் எறும்பு கடித்துத் துள்ளியபோது சிரிக்கக்கூடச் செய்தேன். ஆனால் முதல் பிணத்துக்கு என் போட்டோதான் கிடைத்ததா? என் பெயர், நம் விலாசம் எல்லாம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, ஷூட்டிங்குக்கென்று தாம்பரம் மார்க்கெட் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள்.

அங்கே மீன் விற்கும் ரத்தினபாய் அத்தை பார்த்துவிட்டுக் கோவளத்தில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். உங்களைக் கட்டிக்கொண்டதிலிருந்து ஒன்பது வருஷமாக என்னோடு பேசாத அப்பா, நேற்றுக் காலை மாலையோடு வந்து வாசலில் விழுந்து அழுதார். கதவைத் திறந்தேன். "உசுரோடதான் கீறியா? என்னை வரவைக்க இப்டி ஒரு நாடகமா?" என்றார். மாலையை ரோட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உடனே போய், அது உங்கள் வேலை என்று அவரிடம் சொல்லுங்கள்.

சரிதா


வடபழனி
15.2.2025

அன்புச் சரிதாவுக்கு,

உன் கோபம் நியாயம். விலாசம் போட்டால் நிஜம்போல இருக்கும் என்று நினைத்தேன். படம் வெளிவந்ததும் மாமா காலில் விழுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று கேமராமேன் கிருபா நம் படத்துக்காக எதிர் மாடியிலிருந்து நம் வாசலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாமா அழுதது முழுக்கப் பதிவாகிவிட்டது. நேற்று பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். கொலைக்கெல்லாம் சிரித்தவர்கள் அந்த இடத்தில் மூச்சுவிடவில்லை. படத்தில் உருப்படியானது அது ஒன்றுதான். அதை வெட்டிவிட்டால் படமே இல்லை. மாமாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நீ பேசிப் பாரேன். பேப்பர் இத்துடன்.

உன் மோகன்


கோவளம்
19.2.2025

மோகன்ராஜுக்கு,

நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்து நானே வந்தேன். அப்பா என்னை நம்பவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் உங்கள் கடிதத்தை அத்தையைப் படிக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும், தான் அழுததை ஊரே பார்க்குமா என்று கேட்டார். அவ்வளவு வெட்கத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் பேப்பருக்குக் கையை நீட்டினார். "உன் வூட்டுக்காரன் பொயப்பு இதுலதான் கீதுன்னா குடு, கைநாட்டு வச்சுத் தரேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. கிழித்துப் போட்டேன். அவர் அந்தப் பெருவிரலை நீட்டிய நிமிஷத்தில் உங்கள் மேல் மிச்சமிருந்த பாசமும் போய்விட்டது.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்தாலும் நான் வரப்போவதில்லை. அப்பா சாப்பிடக் கூப்பிடுகிறார்.

சரிதா