கண்ணைக் கட்டிக் குடித்த கஷாயம்

சோளக்காடு,
மார்கழி, 1938

துறையூரில் வாழும் என் அக்கா மகளுக்கு,

இந்தக் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அறப்பளீஸ்வரர் மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

சின்ன வயதில் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டு, "இது என்ன இலைங்க மாமா, சொல்லுங்க!" என்று மிரட்டுவாயே, அந்தப் பரீட்சையை வெள்ளிக்கிழமை உன்னைப் பெற்ற அய்யனுக்கு வைத்தேன். அவர் தலைத்துண்டாலேயே கண்ணைக் கட்டினேன்.

முதலில் சேந்தமங்கலம் ராவுத்தர் கடைத் தேயிலை. "வைக்கோல் கழுவின தண்ணி," என்றார். அடுத்தது சுக்கும் மிளகும். அவர் போட்ட தும்மலில் மலைமேல் நின்ற மேகமெல்லாம் துறையூருக்கு ஓடிவிட்டது. அங்கே மழை பெய்திருந்தால் நன்றியை எனக்கு அனுப்பு. பிறகு துளசி. அந்த வாசனைக்குக் கரடி ஒன்று கொட்டாங்குச்சியோடு வாசலில் வந்து நின்றது. உன் அம்மா அதற்கும் ஊற்றினாள்.

கடைசியாக, நீ போடுவதுபோல எலுமிச்சம்புல்லும் ஆரஞ்சுத் தோலும் கொதிக்கவைத்துக் கொடுத்தேன்.

நீ விரும்பியவரோடு மலையிறங்கியதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனுஷர், ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தையும் ஒரே மூச்சில் உறிஞ்சி முடித்தார். துண்டு நனைந்திருந்தது. ஆவியாக இருக்கும்.

"ஏன் மாப்ளே, தோலைத் தணல்ல வாட்டிப் போடோணும்னு தெரியாதா? அந்தப் புள்ளைய வரச்சொல்லிக் கேட்டுக்கக் கூடாதா?" என்றார் என்னிடம்.

எவ்வளவு வாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. உன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டு.

மேகத்தை நம்பாதே, கரடியை நம்பாதே. உன் அய்யன் கேட்டது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் புளுகுமாமன்