புரட்டாசி ஐந்தில் மழை

ஆகஸ்ட் 11

திருச்சுழி தாலுகா ஆபீஸில் பட்டா முகாம். காலையிலிருந்து என் டைப்பிங் கடையில் கூட்டம். மனு அடித்து அடித்து விரல் வீங்கிவிட்டது. நடுவில் சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் போன்.

"அனுசியா, தொடர் நல்லாப் போகுது. ஆனா உங்க கதாநாயகி யாஸ்மின் மேக ஓடத்துல பறந்துக்கிட்டே மழையைக் கணிச்சிட்டாள்னு மொட்டையா எழுதியிருக்கீங்க. தேதி போடுங்க. தேதி இருந்தாத்தான் விஞ்ஞானக் கதை."

சரியென்று "புரட்டாசி ஐந்து" என்று சேர்த்து அனுப்பினேன். என் பிறந்த நாள். வேறு எதுவும் சட்டென்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12

இருபது வருஷமாக எழுதுகிறேன். முதல் கதை அச்சில் வந்த அன்று வீட்டுக்காரர் கேட்டது: "அருப்புக்கோட்டைக்கு மேல ராக்கெட்டா? மொதல்ல பஸ்ஸு ஒழுங்கா வரட்டும்." மதுரைக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், "உங்க வேற்றுக்கிரகவாசிகூடக் கரிசக்காட்டுப் பேச்சு பேசுறானேம்மா" என்றார். பேசினால் என்ன? அவன் வந்து இறங்கியது இங்கேதானே! அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

செப்டம்பர் 3

இதழ் வந்தது. முதல் பிரதி எப்போதும் பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் காளிராஜுக்கு. என் கதையை வரி விடாமல் வாசிப்பவர் ஊரிலேயே அவர் ஒருத்தர்தான். அதோடு விடமாட்டார், டீக்கடையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

சாயங்காலமே வந்துவிட்டார். "மதினி, புரட்டாசி அஞ்சுல மழையா? நெசமாவா?"

"ஏந்தம்பி, கதை நடக்குறது ரெண்டாயிரத்துத் தொண்ணூறுல."

"வருசம் எதுவா இருந்தா என்ன? போன கதையில தை மாசம் மழை கொட்டி மொளகா அழுகும்னீக. அழுகுச்சா இல்லையா?"

அழுகியதுதான். அன்றிலிருந்து ஊருக்குள் எனக்குக் குறிகாரம்மா என்று பெயர். சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

செப்டம்பர் 9

காளிராஜ் குதிரைவாலி விதைத்துவிட்டாராம்! மழைக்கு முன்னால் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் புரட்டாசி முடியட்டும் என்று இருப்பார்கள். முன்னாலேயே ஒரு மழை பெய்து, விதை முளைத்து, அடுத்த மழை வராமல் போனால் அவ்வளவும் போச்சு.

அவருடைய மானாவாரிக் காட்டுக்கே ஓடினேன். "தம்பி, அது என் பொறந்த நாளு. சும்மா போட்டேன்."

"சாமியாடிக்கு மட்டும் எப்பிடி வாயில வருதுன்னு தெரியுமாக்கும்?" என்று சிரிக்கிறார். வீட்டில் இருந்த விதை முழுவதையும் போட்டுவிட்டார். அவர் மனைவி முத்துத்தாய் வரப்பில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னேனே. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

செப்டம்பர் 21

பெய்துவிட்டது! பெய்துவிட்டது! மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து ஓர் உழவு மழை. டீக்கடையில் எழுந்து நின்று கும்பிட்டார்கள். முத்துத்தாய் கேசரி கிண்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, ஒங்க வாய்க்குச் சீனி போடணும்" என்று அவளே ஊட்டிவிட்டாள். பிறந்த நாள் அதுவுமாக நானும் வாங்கி வாங்கித் தின்றேன். எழுத வந்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்குக் கிடைத்ததில்லை.

செப்டம்பர் 27

முளைத்துவிட்டது. காடு முழுக்கப் பச்சை.

அக்டோபர் 3

வெயில். மேகமே இல்லை.

அக்டோபர் 8

கருகிவிட்டது.

போய்ப் பார்த்தேன். சுற்றிலும் மற்றவர்கள் காடெல்லாம் சும்மா கிடக்கிறது. ஒருத்தரும் விதைக்கவில்லை. குறிகாரம்மா என்றார்கள், கும்பிட்டார்கள், ஆனால் விதைக்கவில்லை. காளிராஜ் ஒருத்தர்தான் நம்பியிருக்கிறார்.

அவர் குனிந்து கருகிய பயிரைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துத்தாய்தான் கேட்டாள். "அக்கா, மானத்துல கெடந்து கணக்குப் போட்டாளே அந்த யாஸ்மினு, அவளுக்குக் காடு கரை இருக்கா? புள்ளகுட்டி இருக்கா? ஒங்களுக்கு அது கதை. எங்களுக்கு அதான் சோறு."

பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்? ஒரு தேதி. ஒரே ஒரு தேதி. அதைப் போடாம இருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்? அன்னைக்குக் கேசரி தின்னேனே — வெக்கமா இருக்கு.

அக்டோபர் 9

ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், கடைசி அத்தியாயம் கிடையாது என்று. இந்த மாத இதழில் யாஸ்மின் மேக ஓடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. இருக்கட்டும்.

"வாசகர்கள் கேப்பாங்களே" என்றார்.

எனக்கு இருந்தது ஒரு வாசகர் சார், அவர் குடியைத்தான் கெடுத்துவிட்டேன். இதைச் சொல்ல வாய் வராமல் போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13

நரிக்குடிக்குப் போய் அண்ணன் அழகுராஜாவிடம் விதைக் குதிரைவாலி கேட்டேன். "வாங்க குறிகாரம்மா" என்று கிண்டலாக ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். மூட்டையை அவனே பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

முத்துத்தாய் வாசலில் இறக்கி வைத்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்துக் காளிராஜ் வந்து தூக்கிக்கொண்டு போனார். மழை எப்போது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் செத்தே போயிருப்பேன்.

அக்டோபர் 24

நல்ல மழை. விடாமல் பெய்கிறது. யாரும் தேதி குறிக்காத மழை.

நவம்பர் 18

காளிராஜின் காடு பச்சையாகத்தான் இருக்கிறது. முத்துத்தாய் பேசவில்லை. தெருக்குழாயில் நான் வருவதைப் பார்த்தால் பாதிக் குடத்தோடு கிளம்பிவிடுகிறாள். "நாளாக நாளாகச் சரியாப் போகும்" என்கிறார் வீட்டுக்காரர். எத்தனை நாள்?

கடையில் மனு மட்டும் அடிக்கிறேன். எழுதாமல் இருப்பது சுலபம் என்று நினைத்தேன். நேற்று ஓர் ஆக்கிரமிப்பு மனுவில் "வடக்கே ஓடை, தெற்கே வானம்" என்று அடித்திருக்கிறேன். நல்லவேளை, கையெழுத்துக்கு முன் பார்த்துவிட்டேன். இனிமேல் எழுதவே வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜனவரி 29

முத்துத்தாய் கடைக்கு வந்தாள். திருச்சுழி வரைக்கும், தனியாக, பஸ் ஏறி. மனு கொடுக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அறுப்பு முடிஞ்சுருச்சுக்கா. வெளைச்சல் பரவாயில்ல."

"கேள்விப்பட்டேன் முத்துத்தாயி."

"இவுககூடக் குடித்தனம் பண்ண முடியல. சோத்துல கைய வச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணு மானத்துல என்ன ஆனாளோ, காத்து தீந்துபோச்சோன்னு என்னையக் கேக்குறாக. எனக்கென்ன தெரியும்? மதினிகிட்டப் போயி கேளுங்கன்னா, வேணாம், அவுக அழுவாகங்கிறாக."

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

"அழுகாதீக. அவுக வாசிக்க வாசிக்க நானுந்தான் கேட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்தப் புள்ள பொழச்சாளா இல்லையா?"

"தெரியல. எழுதுனாத்தான் எனக்கே தெரியும்."

இவள் என்ன ஆள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த மனுக்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எழுதுங்க. நான் கடைசி பஸ்ஸுக்குத்தான் போறேன்."