பாவெலின் கையில் இருக்கும் புத்தர்

தில்ஷியின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுக்கவில்லை. கோபம் இருக்கட்டும், இதை உடனே படியுங்கள்.

தில்ஷியும் அவள் கட்டிக்கொள்ளப்போகும் பாவெலும் விமானத்தில் வந்திறங்கி, கண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள். விமான நிலையத்தில் குளிர்ச்சட்டை போட்டிருந்ததால் யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வெக்கை தாங்காமல் கழற்றிவிட்டானாம். பச்சை குத்திய புத்தர் அப்படியே தெரிகிறார். பொலிஸ் கண்ணில் பட்டால், புத்தரை அவமதித்த வெளிநாட்டுக்காரன் என்று நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். "ரெண்டு பேரும் பேராதனையில இறங்கி நில்லுங்க, நான் வாறேன்" என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் பன்சலையில் புத்தரைக் கும்பிடப் போகும்போது போடும் வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்துப் போகிறேன். உங்களுக்கு எப்படியும் இறுக்கம்தான்.

பாற்சோறு தட்டில் மூடியிருக்கிறது. சம்பல் அரைக்க நேரமில்லை.

நேற்று "புத்தரத் தோலில குத்தினவன் இந்தப் படி ஏறக்கூடாது" என்றீர்கள். "அப்ப நானும் ஏறமாட்டேன்" என்றேன். இன்றும் அதேதான்.

யசவதி

பி.கு. அவன் கைகொடுக்க வருவான், நீங்களும் கொடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று வழியிலேயே சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. கையில் இருக்கும் புத்தரை அவன் போன மாதம்தான் குத்திக்கொண்டான். மாமனாருக்குப் பிடிக்கும் என்று நினைத்தானாம். தில்ஷி இப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். உங்களிடம் காட்டத்தான் ஆசையாக வருகிறான். வழியில் எங்கும் காட்ட விடமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, கையைக் காட்டச் சொல்லி நீங்களே கேட்டுப் பாருங்கள்.