சாய்ந்தமருதுக்கு முன்னால் அறுபட்ட பாதை

மருதமுனை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் றுஸ்தாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் ஸாஜித்தும் கட்டாரில் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். கோபத்தில் இருக்கும்போதும் கேட்கிறேன், அதை முதலில் தெரிந்துகொள். உம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, பிரஷர் மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து ஏறி நிற்கிறது, யாரால் ஏறியது என்று உனக்குத் தெரியும். ஃபோனில் கதைத்தால் நீ அழத் தொடங்கிவிடுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உம்மா இதை ஃபோட்டோ பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். பெரிதாக்கி முழுவதையும் வாசி, பாதியில் வைத்துவிடாதே.

நடந்ததை முர்ஷித் உங்களுக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் சொல்கிறேன் கேள். டிப்போவில் என்னோடு வேலை செய்த அப்துல் ஸமட் மௌத்தாகி, வெள்ளிக்கிழமை காலை பாலமுனையில் ஜனாஸா அடக்கம். நான் அதற்குப் போயிருந்தேன். நான் போன கையோடு உன் மாப்பிள்ளையின் கூடப்பிறந்த காக்கா முர்ஷித், மரம் அறுக்கும் வாளும் உளியும் தூக்கிய ஓர் ஓடாவியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் வருகிறீர்களாம், மேல்மாடி அறைக்கு ஏசி பூட்டிக் கட்டில் போட வேண்டுமாம். யன்னலை அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உம்மா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். என் ரயில் மேசை அந்த அறைக்குள்ளேயே வைத்துப் பலகை பலகையாகப் பூட்டியது, கதவால் வெளியே வராது, அது உனக்குத் தெரியும். ஓடாவிக்குத் தெரியாது. முர்ஷித்துக்கு யாரையும் கேட்கப் பொறுமையில்லை. குறுக்கே வாளை வைத்து இரண்டாக அறுத்துவிட்டார்கள் மகள். தண்டவாளத்தோடு, வயரோடு, கல்முனை ஸ்டேசனுக்கும் சாய்ந்தமருது ஸ்டேசனுக்கும் நடுவில் அறுத்துவிட்டார்கள். அந்த இரண்டு ஊருக்கும் எல்லை பிரிக்கச் சொல்லிக் கடையடைத்தவர்கள்கூட இவ்வளவு நேராகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

அது என்ன மேசை என்று மறந்துவிட்டாயா? தேர்தல் வரும்போதெல்லாம் நமக்கு ரயில் வருகிறது, தேர்தல் முடிந்ததும் அது மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. டிப்போவில் டைம் கீப்பராக இருந்த காலம் முழுவதும் வராத பஸ்ஸுக்கு நேரம் எழுதிக்கொண்டிருந்தவன் நான், பென்சன் வந்தபிறகாவது நேரத்துக்கு வருகிற ஒன்றைப் பார்க்க வேண்டுமென்று, யாரும் போடாத பாதையை அந்த மேசைமேல் நானே போட்டேன். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறேன், எத்தனை அரசாங்க அலுவலகத்தில் அது ஒழுங்காக இருக்கிறது சொல் பார்ப்போம். நாவிதன்வெளி வயல் முழுவதும் உம்மா தறிக் கொட்டில்களில் பொறுக்கிய பச்சை நூல் கழிவை வெட்டி ஒட்டியது. எஞ்சின் கொழும்பிலிருந்து வந்தது, வந்தபோது மஞ்சள் நிறம், நம் நாட்டு டீசல் எஞ்சினுக்கு அந்த நிறம் பொருந்தாது என்று சுரண்டிவிட்டு நான் வேறு பூச்சுப் பூசினேன். இதையெல்லாம் முர்ஷித் விளையாட்டுச் சாமான் என்கிறார். அவர் சொல்லட்டும். ஆனால் அந்தச் சொல் உன் வாயிலிருந்து வந்ததாம். “வாப்பாட விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் பின் கொட்டிலுக்குள்ள போடட்டாம் எண்டு றுஸ்தாதான் சொன்னா மாமி” என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நீ சொன்னாயா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லியிருப்பாய்.

உம்மாவைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் குரல் உயர்த்தாத மனுஷி அவர், உன் நிக்காஹ் பேசிய நாளில்கூடத் திரைக்குப் பின்னால் நின்று தலையை மட்டும்தான் ஆட்டினார். என் ரயிலையும் அவர் பெரிதாக மதித்ததில்லை, கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்பார். வாள் சத்தம் கேட்டதும் முழங்கால் வலியோடு படி ஏறிப் போய், “மகன் முர்ஷித், வாளக் கீழ வெய்யி. வீடு என்ட மகள்ட, அதுல ஒரு கதையும் இல்ல. ஆனா மேச என்ட மனிசன்ட. அவர் ஒருத்தர்ட சாமானையும் கேக்காமத் தொட்டவரில்ல, நீ என்னத்துக்குத் தொட்ட?” என்று கேட்டாராம். முர்ஷித் செருப்பையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் வந்தபோது உம்மா கீழ்ப்படியில் இருந்தார், ஓடாவிக்கு ஊற்றிய தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது. நான் மேலே போய் மரத்தூளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு முன்னால் உம்மா அழுதுவிட்டார், அதனால் எனக்கு அழ முடியவில்லை. சனிக்கிழமை முர்ஷித்தின் உம்மா வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினோம், வட்டிலாப்பத்தை நான் தொடவில்லை, சீனி வருத்தத்துக்காக இல்லை.

அதற்குப் பிறகு நீ ஃபோன் எடுத்தாய். “ஸொரி வாப்பா, அவர் புது செட் வாங்கித் தாறாராம்” என்றாய். பின்னால் இருந்து ஸாஜித்தும் குரல் கொடுத்தார், கார் ரேஸ் செட் ஒன்று இருக்கிறதாம், பாதையைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிடலாமாம், இடமே தேவையில்லையாம். இடமே தேவையில்லை என்று சொன்னாரே, அங்கேதான் எனக்குப் பற்றியது. மருமகன் உன்னைக் கார் ரேஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் வீடியோ அனுப்பியபோது நான் முழுவதும் பார்த்தேன், நல்லதை நல்லதென்று சொல்பவன் நான், கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு சில்லையும் மாற்றுகிறார்களே அந்த ஆட்களை எனக்குப் பிடித்தது. மற்றபடி அது என்ன விளையாட்டு? ஒருவனை ஒருவன் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் மேடையில் ஏறிப் போத்தலைக் குலுக்கி ஒருவன் தலையில் ஒருவன் ஊற்றுகிறான். இங்கேயும் பெருநாள் பின்னேரத்தில் கடற்கரை வீதியில் பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் அதையே செய்கிறார்கள், ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரு வீட்டில் ஒருவன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். கிரிக்கெட் என்றால் கடைக்காரன் கல்லாவை விட்டுவிட்டு டிவிக்கு முன்னால் நிற்கிறான், போன மாதம் கால்பந்து இறுதிப் போட்டியில் நடுவரை வயல் வரைக்கும் துரத்தினார்கள், அதையெல்லாம் ஒருவரும் விளையாட்டுச் சாமான் என்று சொல்வதில்லை, அதற்கெல்லாம் கப் கொடுக்கிறார்கள். ரயிலில் முந்துகிறவனுக்குக் கப் இல்லை மகள், முந்தினால் விபத்துத்தான். ஒற்றைப் பாதையில் வண்டியை விடுவதற்கு முன்னால் ஸ்டேசன் மாஸ்டர் அடுத்த ஸ்டேசனைக் கேட்பார், பாதை காலியா, அனுப்பட்டுமா என்று. அங்கிருந்து சரி என்று பதில் வந்து, டெப்லட் என்கிற அந்த வளையம் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை அசைப்பார். எத்தனை பெரிய எக்ஸ்பிரஸாக இருந்தாலும் கேட்காமல் நுழைய விடமாட்டார்கள். என் மேசையில் நான் ஓட்டியதும் அப்படித்தான், ஒரு வண்டி கல்முனையில் நின்று வழிவிட்ட பிறகுதான் மற்றது வரும். அதைப் பார்க்கத்தான் நான் அந்த அறைக்குப் போவேன்.

வீடு உன்னுடையது, அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை, இதை நான் குத்தலாக எழுதவில்லை. நம் பக்கத்து வழக்கம் அது. சாய்ந்தமருதில் என் உம்மாவின் வீட்டில் பிறந்தேன், அது தங்கச்சிக்குப் போனது. நிக்காஹ் முடித்து மருதமுனைக்கு உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன், மாடி எடுத்தேன், சுவர் சுவராகப் பூசினேன், அது உனக்குச் சீதனமாகப் போனது. உன் நிக்காஹ் முடிந்த மறுநாள் யாரும் சொல்ல முன்னமே நானும் உம்மாவும் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனோம், நினைவிருக்கிறதா? சந்தோஷமாகத்தான் போனோம். நீ அழுதாய், நான் சிரித்தேன். இந்தக் கரையில் ஓர் ஆணுக்கு உம்மா வீடு, பெண்சாதி வீடு, மகள் வீடு என்று மூன்று வீடு இருக்கிறது, தன் வீடு என்று ஒன்று இல்லை, அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நீங்கள் கட்டாருக்குப் போகும்போது, மேலே சும்மா கிடக்கிற அறையை எடுத்துக்கொள்ளுங்கள் வாப்பா என்று சொன்னது நீ. உன் அறையில்தான் மேசை போட்டேன். அந்த மேசையின் நீள அகலம்தான் எனக்கென்று இருந்தது. அதைத்தான் உன் மச்சான் வாள் கொண்டு அறுத்தார்.

இப்போது அறையைப் பூட்டிவிட்டேன். இரண்டு துண்டும் உள்ளே சுவரில் சாய்ந்து நிற்கின்றன, சாவி என் சட்டைப் பையில். ஏசிக்காரர்கள் நேற்று வந்து திரும்பிப் போனார்கள். மகள் வீட்டு அறையை வாப்பா பூட்டி வைத்திருக்கிறான் என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும், நான் செய்வது பிழை என்று எனக்கும் தெரியும். உம்மா பெருநாளைக்குப் பிள்ளைகள் வந்து எங்கே படுப்பார்கள் என்று காலையும் மாலையும் கேட்கிறார், அவரிடமும் சாவி கொடுக்கவில்லை. புது செட் வாங்கி அனுப்பாதே, அனுப்பினால் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். முர்ஷித்தை அனுப்பி மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், செருப்பை மட்டும் வந்து எடுத்துப் போகச் சொல். நான் கோபப்படுவது மேசைக்காக என்று ஸாஜித் நினைக்கிறார், நீயுமா நினைக்கிறாய்? “வாப்பா, அந்த அறை எங்களுக்கு வேணும்” என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால், தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, வயல் ஒட்டிய பலகையைச் சேதமில்லாமல் பெயர்த்து, அறையைக் கூட்டித் துடைத்து நானே தந்திருப்பேன். வீட்டையே கேட்காமல் தந்தவன் ஒரு மேசைக்கு மறுப்புச் சொல்வேனா? அறை வேண்டுமென்று ஓடாவிக்குத் தெரிகிறது, முர்ஷித்துக்குத் தெரிகிறது, ஏசிக்காரனுக்குத் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியாது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, அஸர் தொழுகைக்கு நேரமாகிறது. அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஹயாத்தையும் சுகத்தையும் தருவானாக, உங்கள் உழைப்பில் பறக்கத் செய்வானாக, பயணத்தைச் சுகமாக்கி வைப்பானாக. வெயிலில் வெளியே போனால் தண்ணீர் குடி, சாப்பாட்டு நேரத்தைத் தவற விடாதே, மருமகனுக்கு என் ஸலாம் சொல், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை வாசித்து முடித்ததும் ஃபோன் எடு. அழாதே, ஸொரியும் சொல்லாதே. மேலறையை எடுத்துக்கொள்ளட்டா வாப்பா என்று மட்டும் கேள். இப்போதும் கேட்கலாம், நேரம் போகவில்லை. நான் ஓம் என்றுதான் சொல்லப் போகிறேன், அதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்