பேட்டரியைக் கழற்றிய அன்று

இடுக்கி அணையிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய வருஷம் அது. எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது, மூணாறு பஸ் கூடச் சொன்ன நேரத்துக்கு வந்தது.

இன்று காலை எதிர்வீட்டு ஜீப்புக்கு ஆயுத பூஜை போட்டார்கள். சூடான இரும்பில் சந்தனம் காயும் வாசனை மூக்கில் ஏறியதும் டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதென்பது, கூட்டாளி, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இதை எழுதுகிறார்.

நம் தேயிலை எஸ்டேட்டில் மேல் டிவிஷனுக்கும் பேக்டரிக்கும் நடுவே டெலிபோன் கம்பி இருந்தது, பேருக்குத்தான். மழை பெய்தால் மரம் விழுந்து அறும். மழை விட்டால் யானை கம்பத்தைச் சாய்க்கும். அதனால்தான் இரண்டு வயர்லெஸ் பெட்டிகள் வந்தன. மேலே, காலையில் ஆள் எண்ணும் மஸ்டர் கொட்டகையில் உன் பெட்டி. கீழே, நான் காவல் இருந்த பேக்டரியில் இன்னொன்று. மீன் முள் மாதிரி ஏரியலை இரண்டு கூரையிலும் நீதான் நிறுத்தினாய்.

"ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும்லே. நடுவுல மரம் நின்னா பேச்சு சேராது" என்றாய். வழியிலிருந்த நிழல் மரக் கிளைகளை நான் வெட்டினேன். "பொத்தான அமுக்கினா பேசு, விட்டா கேளு. உனக்குன்னே செஞ்சிருக்கான், ஒரு எழுத்துக் கெடையாது பாரு" என்று சிரித்தாய். முதல் நாள் நாலு மைலுக்கு அப்பாலிருந்து "ஏலே, சாப்பிட்டியா? ஓவர்" என்று உன் குரல் வந்தபோது, திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தேன்.

அந்த ஆயுத பூஜை காலையிலும் கூப்பிட்டாய். "பூ வை, பொட்டு வை. பேட்டரில மட்டும் கை வைக்காத. ஓவர்."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் பேக்டரியில் அத்தனை மெஷினும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமத்தோடு வாய் மூடி நின்றன. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். இது ஒன்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் தெய்வக் குத்தம் என்று தோன்றியது. வயரைக் கழற்றி, பேட்டரியைச் சாமி படத்தடியில் பொரியோடு வைத்தேன்.

மத்தியானம் இடியோடு மழை. மேல் டிவிஷன் சனமெல்லாம் கோயில் சாப்பாட்டுக்குக் கீழே வந்திருந்தது. பெட்டிக்குக் காவலாக நீயும் உன் மனைவி பேச்சியும் மட்டும் மேலே இருந்தீர்கள். இடுப்பு வரை சேறோடு நீ வாசலில் வந்து நின்றாய்.

"எத்தன தடவ கூப்பிட்டேன்! பின்னாடி மண்ணு சரிஞ்சு கொட்டகையில பாதி விழுந்துட்டுலே. பேச்சி கால் மேல உத்தரம் கெடக்கு. என்னால ஒத்தையில தூக்க முடியல..."

அப்போதுதான் மாலை போட்ட பெட்டியைப் பார்த்தாய். என்னை ஒரு சொல் சொல்லாமல் நீயே பேட்டரியைத் தூக்கி வயரை மாட்டினாய். நீ பொத்தானைத் தொடுமுன்னே உன் மனைவி குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீகளா? கால் மரத்துப்போச்சு. அவரு வந்து சேந்தாரா? ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"வந்துட்டேன் பேச்சி!" என்று கத்தினாய். அவளுக்குக் கேட்கவில்லை. கைக்கு எட்டிய மைக்கைப் பிடித்து அமுக்கியவள், பயத்தில் பிடியை விடவே இல்லை. அமுக்கியிருக்கும் வரை அவள் வாய் மட்டும் வரும், நம் வாய் போகாது. "பொத்தான விடுடி, விடுடி" என்று பெட்டியை உள்ளங்கையால் அடித்தாய்.

"அண்ணே, நீங்களாவது இருக்கீகளா? பொரி எனக்கும் எடுத்து வச்சீகளா?" என்றாள் அவள்.

மைக்கை என் கையில் திணித்து, "அவ விட்டதும் சொல்லு" என்று கோயிலுக்கு ஓடினாய். கடப்பாறையோடு டிரைவரும் கம்பவுண்டரும் உன்னோடு டிராக்டரில் ஏறினார்கள். வெகுநேரம் கழித்து அவள் விரல் தளர்ந்தது. "தங்கச்சி, வந்துக்கிட்டு இருக்காக" என்றேன். பதிலுக்கு அழுகைதான் வந்தது.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கண் விழித்தவளிடம், "மழையில லைன் கெடைக்கல" என்று நீ சொன்னாய். நான் கட்டிலருகே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. சாகும் வரை அந்தப் பொய்யை நீ மாற்றவும் இல்லை, எனக்கு நினைவூட்டவும் இல்லை. நான் அன்றிலிருந்து பொரி தின்றதில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா நான் மழையையில்ல திட்டிக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்றும் போனேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றுவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன். டிரைவர் போய்ச் சேர்ந்தார், கம்பவுண்டர் போனார், நீயும் போய்விட்டாய். என்னைத் திட்டுவதற்கு இந்த மலையில் ஒருத்திதான் மிச்சம், பேச்சியம்மாள்.