நாலு வாளிக் கிணற்றுத் தண்ணீர்

2025 ஜூன் 10, செவ்வாய்

ஹோட்டலில் இன்று பிரான்சிஸ்காவை நன்றாக ஏசிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளோடு பில்டர் தண்ணீர் வண்டி வரவில்லையாம். மீன் தொட்டியில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்து நாலு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அறை துப்புரவாக்குகிறவளுக்கு என் தொட்டியில் என்ன வேலை? எங்கள் ஊர் ஆலங்குடாவில் அந்தத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தாலே வெள்ளையாகப் படிகிறது. மனிசரே குடிப்பதில்லை! "தண்ணி வத்தினா மீனுக்குக் கஷ்டம் எண்டுதான் மிஸ்," என்றாள். அதற்கும் ஏசினேன்.

வரவேற்பறைத் தொட்டிக்கு உயிர்ச்செடிதான் வேண்டும் என்று முதலாளியிடம் அடம்பிடித்தவள் நான். வைத்து மூன்று மாதம். புது இலையெல்லாம் சிறுத்து, வெளிறி, நுனி கொக்கி மாதிரி வளைந்து வருகிறது. இரும்புச்சத்துக் குறைவுதான். மருந்தைக் கூட்டினேன்.

ஜூன் 21, சனி

வேலை செய்கிறது! நான்கு தண்டுகளில் புது இலை நேராக வந்திருக்கிறது. இரும்பு, இரும்பு என்று நான் கத்தியது சும்மாவா? தொட்டியில் பாதியை இறைத்து, சுத்தமான பில்டர் தண்ணீர் நிரப்பினேன். வளைந்த பழைய நுனிகளை வெட்டி, எறிய ஒரு பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "தா ஹஃபீலா, பள்ளி ஹவுள் மீனுக்காவது போடுறன்," என்று என் வீட்டுக்காரர் இவர் வாங்கிப் போனார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழுச் செய்யும் தொட்டி மீன்களுக்கு நல்ல விருந்து.

ஜூலை 3, வியாழன்

மறுபடியும் கொக்கி.

ஜூலை 9, புதன்

இரும்பை இரட்டித்தேன். கண்ணாடியில் பாசி பிடித்ததுதான் மிச்சம். பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்து, ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் — எல்லாம் பார்த்தாயிற்று. பழைய இலை நன்றாகத்தானே இருக்கிறது? புதியது மட்டும் ஏன் இப்படி?

முதலாளி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "ஓகஸ்ட் பத்துக்குள்ள சரிவராட்டி பிளாஸ்டிக் செடிதான். பெட்டி வந்திட்டு."

பிளாஸ்டிக்! அதைவிட என்னை வேலையைவிட்டு நிற்பாட்டலாம்.

ஜூலை 16, புதன்

கண்ணாடி துடைக்கிற மருந்து தொட்டிக்குள் விழுந்ததா என்று பிரான்சிஸ்காவைக் கேட்டேன். "நான் அந்தப் பக்கமே போறதில்ல. நீங்கதானே வேணாம் எண்டீங்க," என்றாள். போய்விட்டாள். யாரையாவது குறை சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு, அவ்வளவுதான். சீ, என்ன மனுஷி நான்.

ஜூலை 25, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து இவர் முகம் கறுத்து வந்தார். "பள்ளி மோதினார் சனத்துக்கு முன்னால ஏசிப்போட்டார். உன்ட செடி ஹவுளெல்லாம் படர்ந்து, வுழுச் செய்யக் கைய வெச்சாச் சிக்குதாம்."

பிடுங்கிய ஒரு கொத்தையும் கொண்டுவந்திருந்தார். அகன்ற இலை. ஒன்றுகூட வளையவில்லை. நான் குப்பையென்று வெட்டிய அதே செடி!

அங்கே யார் இரும்பு போட்டது? வெயில்தான் என்றால் — வெயில் வளைந்த இலையை நிமிர்த்துமா? ஹவுளுக்கு என்ன தண்ணீர் என்று இவரைக் கேட்டேன். கிணற்றுத் தண்ணீராம், மோட்டார் போட்டு ஏற்றுவார்களாம்.

ஜூலை 26, சனி

இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். ஜூன் 10, நாலு வாளி. ஜூன் 21, இலை நேர். அன்றைக்கே பில்டர் தண்ணீர் மாற்றியிருக்கிறேன். ஜூலை 3, கொக்கி. எல்லாம் என் கையெழுத்து.

பில்டரில் உப்போடு சுண்ணாம்புச் சத்தும் போய்விடுகிறது. அது இல்லாமல் புது இலை எப்படி நிமிரும்? நான் குடிக்கிற நல்ல தண்ணீரையே கொடுத்துப் பட்டினி போட்டிருக்கிறேன். கேத்தலில் தினமும் சுரண்டுகிறேனே அந்த வெள்ளை — அதுதான்! நாலரை மாதம். முட்டாள், முட்டாள்.

பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் கலந்து ஊற்றினேன்.

ஓகஸ்ட் 9, சனி

புது இலை எல்லாம் நேர். முதலாளி குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் பெட்டி ஸ்டோருக்குப் போய்விட்டது.

பிரான்சிஸ்காவிடம் ஜூன் பத்தாம் திகதிப் பக்கத்தைக் காட்டி, "பிழை என்னுடையது" என்றேன். நின்று முழுதும் வாசித்தாள்.

"எனக்கு இதுல என்ன வேலை எண்டும் எழுதியிருக்கு," என்றாள்.

அந்த வரியை நான் மறந்தே போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாளியைத் தூக்கினேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"விடுங்க. நாலுதானே?"